துரோகத்துக்கு ஒரு குறிப்பு

அந்தப் போனைக் கொஞ்சம் இப்படித் திருப்பு, கண்ணு. ஆமா, அதுல மாம்பழக் கலர் புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது நான்தான். சந்தேகமா இருந்தா மூக்கைப் பாரு. மத்ததெல்லாம் மாறிப்போச்சு, மூக்கு அப்படியே இருக்கு.

அட, எதுக்குப் போனை மூடுறே? நீ சிரிச்சதை நான் பார்த்துட்டேன். பஸ் தாம்பரம் தாண்டினதுலேர்ந்து அதையேதான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கிட்டிருக்கே. கோபமெல்லாம் இல்ல. ஊரே சிரிக்குது, நீ சிரிச்சா என்ன? ஹாஸ்டல்ல பரோட்டா வாங்கி ஒளிச்சு வெச்சுத் திங்கிறவளை இப்பல்லாம் "அமிர்தகௌரி"ன்னுதான் கூப்பிடுறீங்களாமே. என் பேத்தி சொன்னா. ஒரு மனுஷி பேரு அது. உங்களுக்கு யாருன்னே தெரியாது, ஆனா திட்டுறதுக்கு மட்டும் நல்லா இருக்கு.

எனக்கு விழுப்புரத்துல இறங்கணும். நேரம் இருக்கு. நீ பார்த்தது ஒரு துண்டு. முழுசா என்ன நடந்ததுன்னு நான் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் சிரி.

என் பேரு திலோத்தமை. டிராமாலேர்ந்து டிவிக்கு வந்தவ. அந்த அமிர்தகௌரியும் அப்படித்தான், எனக்கு அவ கௌரி. ரெண்டு பேரும் ஒரே நாடகக் கம்பெனி, ஒரே வேன்ல ஊர் ஊராப் போயிருக்கோம், ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். கேபிள் வந்த புதுசுல ரெண்டு பேருக்குமே டிவில வேலை கிடைச்சுது. எனக்குக் கிடைச்சது பெரிய வேஷம். வடிவாம்பான்னு ஒரு அம்மா. கதையே அவளைச் சுத்தித்தான். நான் மார்க்கெட்டுக்குப் போனா, "வடிவாம்பா அக்கா, அந்த மருமகளை நம்பாதீங்க"ன்னு கீரைக்காரி சொல்லுவா. அந்த அளவுக்கு.

அப்பப் பார்த்து எனக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள். கீழாநெல்லியை அரைச்சு அரைச்சு ஊத்தினார் எங்க வீட்டுக்காரர். தங்கமான மனுஷன். கரண்டு ஆபீஸ்ல வேலை. நடிக்கப் போகாதேன்னு ஒரு நாள் கூட வாய் திறந்து சொன்னதில்ல. ராத்திரி ஷூட்டிங் முடிஞ்சு வந்தா கதவைத் திறந்து விடுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். போய்ப் படுத்துக்குவார். அவ்வளவு அமைதி.

நான் படுத்த படுக்கையா இருந்தேன். போன் ஹால்ல இருக்கும், அவர்தான் எடுப்பார். சீரியல் கம்பெனியிலேர்ந்து பேசினாங்களான்னு கேட்டா, "எல்லாம் நான் சொல்லிட்டேன், நீ தூங்கு"ன்னுவார். ஒரு நாள் கௌரி குரல் வாசல்ல கேட்டுச்சு. எழுந்திருக்கத் தெம்பில்ல. இவர் வாசல்லயே நின்னு பேசி அனுப்பிட்டார். "ஒட்டிக்கிற வியாதி, அவங்க நல்லதுக்குத்தான்"னார். பாரு, அடுத்தவங்க நல்லதையும் யோசிக்கிற மனுஷன்.

உடம்பு தேறி, தலைக்குத் தண்ணி ஊத்தி, ஒரு சாயங்காலம் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு வந்து டிவி முன்னாடி உக்காந்தேன். என் சீரியல் ஓடுது. பாட்டு முடிஞ்சுது. வடிவாம்பா மாடிப்படியில இறங்கி வர்றா. மூஞ்சிக்குக் கீழே எழுத்து வருது: இனி இவருக்குப் பதில் இவர்.

கௌரி.

அதுகூடப் பரவாயில்ல கண்ணு. அவ கட்டியிருந்தது என் புடவை. அப்பல்லாம் கம்பெனியில உடுப்புக் கொடுக்கமாட்டாங்க, நம்ம புடவையைத்தான் கட்டிக்கிட்டு நடிக்கணும். அரக்கு சுங்குடி, மஞ்சப் புள்ளி, சின்னாளப்பட்டியில நானே போய்ப் பார்த்து எடுத்தது. என் வேஷம், என் புடவை, என் கொண்டை. மாறினது தலை மட்டும்தான்.

கம்பெனி மேனேஜருக்குப் போன் பண்ணினேன். "நீங்கதானேம்மா இனிமே வரலேன்னு சொல்லிவிட்டீங்க"ன்னான். நான் எங்கே சொன்னேன்? யாரோ என் பேரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்காங்கன்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. யாருக்கு லாபமோ அவதானே சொல்லியிருப்பா? கௌரி போன் பண்ணினா, ரெண்டு மூணு தடவை. நான் எடுக்கலை. வீட்டுக்காரர்தான் சொன்னார், "விடு, போனா போகுது. வீட்ல நிம்மதியா இரு"ன்னு. அன்னிக்கு அவரே அடுப்படிக்குப் போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். கல்யாணமானதுலேர்ந்து அதான் முதல் தடவை. அவ்வளவு பாசம்.

அந்த நேரத்துலதான் "ஒற்றைச் சொல்" நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில வரும். அது வர்ற நேரத்துல தெருவுல ஆள் நடமாட்டம் இருக்காது. விளையாட்டு என்னன்னா, ஒரு நடிகை, ஒரு பொதுஜனம், ரெண்டு பேரும் ஒரு ஜோடி. எதிர்ல இன்னொரு ஜோடி. நம்ம கையில ஒரு அட்டை கொடுப்பாங்க. அதுல ஒரு சொல் இருக்கும். அதைச் சொல்லக்கூடாது. அதுக்குக் குறிப்பா வேற ஒரே ஒரு சொல் சொல்லணும். எதிர்ல உக்காந்திருக்கிற நம்ம ஜோடி கண்டுபிடிச்சா மணி அடிக்கும். மழைன்னு இருந்தா "குடை"ன்னு சொல்லலாம். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைங்க விளையாட்டு.

போனா, எதிர் மேஜையில கௌரி. எங்களைச் சேர்த்து உக்கார வெச்சா நாலு பேர் பார்ப்பாங்கன்னு அவங்க கணக்கு. எனக்கு ஜோடியா வந்தது கரூர்லேர்ந்து ஒரு பேங்க் குமாஸ்தா, சிதம்பரநாதன்னு பேரு. நல்ல மனுஷன். கௌரி என்னைப் பார்த்துத் தலையாட்டினா. நான் அவ தலைக்கு மேல இருந்த லைட்டைப் பார்த்தேன்.

கடைசிச் சுத்துல எனக்கு வந்த அட்டையைத் திருப்பினேன். துரோகம்.

நான் தேடிப்போகலை கண்ணு. அந்தச் சொல்லை நானா எழுதினேன்? அவங்க கொடுத்தாங்க. ஒரு சொல்லால குறிப்புச் சொல்லுன்னாங்க. சொன்னேன். "அமிர்தகௌரி."

அதைத்தான் நீ பார்த்துச் சிரிச்சே.

சிதம்பரநாதன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்க விஷயம் அப்பவே பத்திரிகையில கிசுகிசுவா வந்தாச்சு, அவரும் படிச்சிருப்பார்போல. மெதுவா, யாரோட சாவையோ சொல்ற மாதிரி, "துரோகமா?"ன்னார். மணி அடிச்சுது. ஜனங்க சிரிச்சாங்க. தொகுப்பாளர் வில்சன் துரை வாயைத் திறந்துக்கிட்டு நின்னார். நடுவரா ஒரு தமிழ்ப் புலவர் உக்காந்திருந்தார். அவர்கிட்ட இது செல்லுமான்னு கேட்டாங்க. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "பெயர்ச்சொல்லும் ஒரு சொல்தானே"ன்னார். கேட்டியா? படிச்ச புலவரே செல்லும்னு சொல்லிட்டார். அப்புறம் ஊர் என்ன கேள்வி கேக்குது?

இப்ப அந்தப் படத்தைத் திரும்பப் போடு. மணி அடிச்சதும் கேமரா ஜனங்க பக்கம் போகும். நிறுத்து. மூணாவது வரிசை, நீலச் சட்டை. அவர்தான் எங்க வீட்டுக்காரர். எல்லாரும் சிரிக்கிறாங்க, அவர் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டிருக்கார் பார்த்தியா? கூச்ச சுபாவம். கேமராவைக் கண்டா அப்படித்தான்.

சரி, மூடிடு.

கௌரி அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை. முகம் மட்டும் வெளுத்துப்போச்சு. மிச்ச ஆட்டத்தை ஆடினா. ஜெயிச்சதும் அவ ஜோடிதான். அந்த இடத்தை மட்டும் யாரும் வெட்டியெடுத்து யூட்யூப்ல போடமாட்டேங்கிறாங்க. அவ ஜெயிச்சா, நானே சொல்றேன், ஆட்டத்துல அவ கெட்டிக்காரி.

அப்புறம் அவளைத் தெருவுல "துரோகம் போகுது பார்"னு கத்தினாங்களாம். சீரியலுக்குக் கடுதாசியா வந்து குவிஞ்சுதாம், இந்தப் பொம்பளை மூஞ்சியைப் பார்க்கமாட்டோம்னு. கம்பெனிக்காரன் அவளையும் தூக்கிட்டு இன்னொருத்தியைப் போட்டான். மறுபடியும் அதே எழுத்து, இவருக்குப் பதில் இவர். அன்னிக்கு நான் வீட்ல பாயசம் வெச்சேன். மறைக்க என்ன இருக்கு? வெச்சேன். கொஞ்ச நாள்ல அவ மெட்ராஸை விட்டே போயிட்டா. விழுப்புரத்துல தம்பி வீட்டோட இருந்துக்கிட்டு, ஏதோ பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு நாடகம் சொல்லிக் கொடுக்கிறதாக் கேள்விப்பட்டேன்.

ஒரு சொல் ஒருத்தி பிழைப்பைக் கெடுத்துடுச்சுன்னு என்கிட்ட நிறைய பேர் சொல்லியிருக்காங்க. என்னை எத்தனை சொல் சொல்லியிருக்காங்க தெரியுமா? வாயாடின்னாங்க, பொறாமைக்காரின்னாங்க. எனக்கும்தான் அதுக்கப்புறம் யாரும் வேலை கொடுக்கலை. இவளைக் கூப்பிட்டா வாய்க்கு வந்ததைப் பேசுவாளேன்னு பயம். நான் ஊரைவிட்டா போனேன்? இங்கேயேதான் இருந்தேன்.

இத்தனை வருஷம் கழிச்சு யாரோ அந்தத் துண்டை எடுத்து யூட்யூப்ல போட்டான். உங்க கும்பல் அதைப் புடிச்சுக்கிட்டுது. உடனே டிவிக்காரங்களுக்கு ஆசை வந்துடுச்சு. "ஒற்றைச் சொல்" மறுபடியும் ஒரே ஒரு நாள், பழைய ஆளுங்களை வெச்சே நடத்தப்போறோம்னு வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்தா. "அம்மா, கடைசியில நீங்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கணும், நீங்க ஒரு ஸாரி சொல்லிட்டா போதும், ஜனங்க அழுதுடுவாங்க"ன்னா. நான் சொன்னேன், "ஆட வர்றேன். ஸாரி கிடையாது. நியாயமாக் கிடைச்ச மணிக்கு எதுக்கு ஸாரி?" அவ முழிச்சா. அப்புறம்தான் சொன்னா, கௌரியும் இதையேதான் சொல்லியிருக்காளாம். "திலோவை மன்னிப்புக் கேக்க வைக்கிறதா இருந்தா நான் வரமாட்டேன்"னு. எவ்வளவு திமிர் பாரு. என் மன்னிப்பு அவளுக்கு வேண்டாமாம்.

போன வாரம்தான் ஷூட்டிங். மேக்கப் ரூமுக்குள்ள நுழையறேன், அவ உக்காந்திருக்கா. முழு நரை. ஒல்லியாயிட்டா. கண்ணாடி வழியா என்னைப் பார்த்து, "வா, திலோ"ன்னா, நேத்து வேன்ல கூட வந்தவ மாதிரி.

எனக்குப் பொறுக்கலை. மேக்கப் போடுற பொண்ணை வெளியில போகச் சொல்லிட்டு நேராக் கேட்டேன். "வேஷம் போச்சு, சரி. என் சுங்குடிப் புடவையைக் கட்டிக்கிட்டு நின்னியே, உனக்குக் கூச்சமா இல்லையா? கம்பெனிப் பெட்டியில கிடந்தா எடுத்துக் கட்டிக்குவியா?"

அவ கண்ணாடியிலேர்ந்து என் பக்கம் திரும்பினா. அப்புறம், "அது பெட்டியில கிடக்கலை திலோ. உங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார்"னா.

நான் சிரிச்சேன்.

"அன்னிக்கு உன்னைப் பார்க்க வந்தேன்ல, வாசல்லயே நிறுத்தினாரே. அப்பவே சொன்னார், திலோவுக்கு இனிமே நடிக்க இஷ்டமில்ல, வேற யாரோ எவளோ பண்றதுக்கு நீங்களே பண்ணுங்கன்னு. கம்பெனிக்கும் அவர்தான் சொன்னார். மறுநாள் புடவையை இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டு வந்து கொடுத்துட்டுப் போனார். நீ அனுப்பினதா நினைச்சுத்தான் கட்டிக்கிட்டேன். ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியிருக்கேன்னு நினைச்சேன்."

"அப்ப அன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே? மைக் உன் முன்னாடிதானே இருந்துச்சு?"

"நீ அந்தச் சொல்லைச் சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. எதிர்ல அவர் உக்காந்திருக்கார், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. நான் சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு எங்கே போயிருப்பே? அந்த வீட்லதானே இருந்தாகணும்?"

"பொய்"ன்னேன். "செத்துப்போன மனுஷன் மேல பழி போடுறே"ன்னேன். என் முந்தானை கீழே புரண்டுக்கிட்டிருந்துச்சு, அவ அதை எடுத்து என் கையில கொடுத்தா. அதுக்குள்ள கூப்பிட வந்துட்டாங்க.

உள்ளே போனா, முன்னாடி மாதிரி இல்ல, சுவரு பூரா டிவி. எங்களை ஒரே ஜோடியா எதிரெதிரே உக்கார வெச்சாங்க. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பழைய படத்தைப் போட்டாங்க, அந்தச் சுவரு முழுக்க. நான் சொல்றேன், "அமிர்தகௌரி." மணி அடிக்குது. ஜனங்க சிரிக்கிறாங்க. கேமரா திரும்புது. மூணாவது வரிசை, நீலச் சட்டை. அவர் தலை என் ஆள் உசரத்துக்கு இருக்கு. அந்தத் தலை நிமிரவே இல்ல. நான் வீட்ல போன்ல பார்த்தப்ப அது இத்தனூண்டு. இவ்வளவு பெருசா நான் அதைப் பார்த்ததே இல்ல.

கூச்ச சுபாவம்தான். இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

தொகுப்பாளர் ஒரு சின்னப் பையன், பளபளன்னு கோட்டு. "முதல் குறிப்பு திலோத்தமை அம்மா"ன்னு அட்டையைக் கொடுத்தான். திருப்பினேன். அதே சொல். வேணும்னே வெச்சிருக்காங்க. நான் தடுமாறுவேன், அழுவேன், அவளைப் போய்க் கட்டிக்குவேன்னு நாலு கேமராவை என் மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

ஒண்ணு சொல்றேன் கேளு. கல்யாணமான நாள்லேர்ந்து எங்க வீட்டுக்காரர் பேரை நான் வாயால சொன்னதில்ல. எங்கம்மா பழக்கிவிட்டது. ரேஷன் கடையில, ஆஸ்பத்திரியில, எங்கே கேட்டாலும் பிள்ளைங்கதான் சொல்லணும். மேடையில எத்தனையோ ராஜாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன், அவர் பேரைச் சொன்னதில்ல. அவர் காரியத்தன்னிக்கு ஐயர் கேட்டப்பகூட என் பையன்தான் சொன்னான்.

நான் அட்டையைக் கீழே வெச்சேன். கௌரியை நேராப் பார்த்துச் சொன்னேன்.

"சாரங்கபாணி."

யாருக்கும் ஒண்ணும் புரியலை. அந்தப் பையன் கையில இருக்கிற தாளைப் பார்க்கிறான். ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறாங்க. கௌரி கண்ணு மட்டும் நிறைஞ்சுபோச்சு. அவளுக்குத் தெரியும். அந்த அரங்கத்துல என்ன, உலகத்துலயே அந்தக் குறிப்புக்கு விடை தெரிஞ்சவ அவ ஒருத்திதான். வாயைத் திறந்தா. ஒரே ஒரு சொல், சொன்னா மணி அடிக்கும்.

"கும்பகோணம்"ன்னா.

ஜனங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. "சாரங்கபாணி கோயிலு, கும்பகோணம், அருமையான முயற்சி மேடம், ஆனா தப்பு"ன்னு அந்தப் பையன் குதிக்கிறான். அட்டையைத் திருப்பிக் காட்டினான். துரோகம்னு பார்த்ததும் இன்னும் சிரிப்பு. வயசாயிடுச்சு, அம்மாவுக்குக் குறிப்புச் சொல்லத் தெரியலைன்னு நினைச்சுக்கிட்டாங்க. பாயிண்ட் போச்சு.

எனக்கு வந்த கோபம் இருக்கே. தெரிஞ்சு வெச்சுக்கிட்டே தப்பாச் சொன்னா கண்ணு. முடிஞ்சதும் நடையில மடக்கிக் கேட்டேன், "ஏன் அப்படிச் சொன்னே?"ன்னு. "எனக்கு அதான் தோணுச்சு"ன்னுட்டா. தம்பி மகன் கார்ல காத்துக்கிட்டிருந்தான், ஏறிப் போயிட்டா.

அவளுக்கு அதான் தோணுச்சாம். கும்பகோணமாம். அன்னிக்கும் வாயை மூடிக்கிட்டா, இன்னிக்கும் மூடிக்கிட்டா. இவளை யார் கேட்டா? என் வீட்டு மானத்தைக் காப்பாத்துன்னு நான் மனு போட்டேனா? நான் சொல்லணும்னு முடிவு பண்ணி, வாழ்நாள்ல சொல்லாத பேரைச் சொல்லிட்டேன். அதுக்கு விடை சொல்ல வேண்டியது அவ கடமை. ஆட்டம்னா ஆட்டம்.

அவர் மேல எனக்குக் கோபமான்னு கேக்காதே. கேக்கிறதுக்கு அவர் இல்ல. நானும் போட்டோ முன்னாடி நின்னு கேட்டுப் பார்த்தேன். ஒரு நாள் பூரா நின்னேன். அது பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டிருக்கு. பதில் சொல்றவங்ககிட்டதானே சண்டை போட முடியும்? எனக்கு இப்ப பதில் சொல்ல இருக்கிறது அவ ஒருத்திதான்.

அதான் அவ வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன். வர்றேன்னு சொல்லலை. சொன்னா எங்கேயாவது கிளம்பிப் போயிடுவா. நேராப் போய் முன்னாடி உக்காந்து, அந்த விடையை அவ வாயால சொல்ல வைக்காம விடமாட்டேன். மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நினைச்சுக்காதே. அவளும் கேக்கமாட்டா, நானும் கேக்கமாட்டேன்.

ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி வரும். பாரு. எல்லாரும் சிரிக்கும்போது நீயும் சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. ஆனா "கும்பகோணம்"ங்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்தி அவ மூஞ்சியைப் பாரு. நல்ல நடிகை. என்னைவிட நல்ல நடிகை. இதை அவகிட்ட சொல்லமாட்டேன்.

பைபாஸ் வந்துடுச்சுபோல. நான் முன்னாடி போய் நிக்கிறேன், இல்லேன்னா டிரைவர் நிறுத்தமாட்டான். மேல அந்தப் பச்சைப் பையை எடுத்துக் குடும்மா. பார்த்து, கனமா இருக்கும். ஆமா, துணிமணிதான். மாத்திரைகூட மொத்தமா எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஒரு நாள்ல முடியிற சண்டையா இது?